சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் நெருங்கும்போது மதுரையைச் சுற்றியுள்ள பள்ளி ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. விஷயம் ஒன்றுதான்: உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கும் பிள்ளையை எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்ட பிறகு என்ன செய்வது. நாங்கள் ஆரம்பத்தில் செய்த பிசகுகளையே புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். திட்டாதே, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுவது

வராது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும்.

சத்தியம் வாங்குவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். பிள்ளை வாயைத் திறந்த உடனே, "அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்பார்கள். அழகர்கோவிலுக்கே கூட்டிப்போய், பதினெட்டாம்படி கருப்பசாமியின் கதவுக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கியவர்களும் உண்டு. வரப்புத் தகராறுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் அங்கே போவது இந்தப் பக்கத்து வழக்கம். அது பொய் சொல்கிறவனை மடக்க. இங்கே யாரும் பொய் சொல்லவில்லையே! சத்தியம் செய்கிற அன்று பிள்ளை மனதாரத்தான் செய்கிறது. எண்ணம் பிறகு திரும்பி வருகிறது. வந்தால் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் சத்தியத்தை மீறியதாகிவிடும், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்.

மேலூர்ப் பக்கம் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். "சத்தியம் வாங்கிட்டேன் சார், இனி பயமில்ல" என்றார் அவனுடைய ஆசிரியர். வீட்டிலும் நிம்மதி. அந்த நிம்மதியில், வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் அவன் ஆசை ஆசையாய் வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டான். அத்தைக்கு அது உறுத்தி, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "சத்தியம் பண்ணிட்டேனே அத்தை, யார்கிட்ட சொல்றது?" என்றானாம். அன்றைக்கே ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். அத்தை கேட்டதால் தப்பினான்.

சத்தியத்துக்குப் பதிலாகப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணம் வரப்போகிறது என்று எதை வைத்துத் தெரியும்? வந்தால் யாரிடம் போவது? அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்து யார்? அப்புறம் வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தும் மாத்திரைகளும் அன்றைக்கே பூட்டுக்குள் போக வேண்டும், சாவி பெரியவர் ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த வேகம் பலருக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும். அதுவரை கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பெரிய காரியம்.

சத்தியம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? சரி, பெரியவர்களிடம் வாங்குங்கள்: "எப்ப சொன்னாலும் திட்ட மாட்டோம்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

திடீர்க் கலகலப்பைப் பார்த்து நிம்மதி அடைவது

பல நாள் இருண்டிருந்த முகம் காரணமே இல்லாமல் ஒரே நாளில் தெளிந்தால், அன்றைக்குத்தான் மறுபடி கேட்க வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைப்பது

மருந்தைக் குடித்த பிள்ளையைக்கூட வயிற்றுவலி என்று சொல்லித்தான் நம் ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். பொய் சொல்லிச் சேர்த்தால் டாக்டருக்கு நேரம் வீணாகும், பிள்ளைக்குப் பிறகு கிடைக்க வேண்டிய மனநல உதவியும் கிடைக்காமல் போகும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்கிறது; தண்டிப்பதில்லை. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் எழுத்து வேலை இருக்கும், அவ்வளவுதான்.

எண்ணைத் தேவைப்படும்போது தேடுவது

இப்போதே போனில் பதிந்து வையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். குழந்தைகள் உதவிக்கு 1098. பிள்ளை ஏதாவது செய்துவிட்டாலோ, இப்போதே செய்துவிடும் போலிருந்தாலோ 108. ஆம்புலன்ஸ் வரும்வரை தனியாக விடாதீர்கள், பாத்ரூம் போனாலும் கதவுக்கு வெளியே நில்லுங்கள்.