துடிப்பு சீரானாலும் நிறுத்தக் கூடாத மாத்திரை

இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை வரிசையில் புதியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம், முன்பு எங்களிடம் இருந்த அதே பிழைகள் அவர்களிடமும் தொடர்வதைக் காண்கிறேன். மாத்திரையை மறப்பது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

படபடப்பு நின்றதும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இந்நோயில் இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குவதால், இடது மேலறையின் ஓரத்தில் பை போல் துருத்தியிருக்கும் பகுதியில் ரத்தம் தேங்கி உறைகிறது. அக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மெட்டோப்ரோலால் துடிப்பின் வேகத்தைக் குறைக்குமே தவிர, கட்டி உருவாவதைத் தடுக்காது. அதைத் தடுக்கிற வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சபான் ஆகியவற்றை உட்கொண்டால் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. எனவே படபடப்பு அடங்கியதும், பயனில்லாதது என்று தோன்றுகிற மாத்திரையைத்தான் பலர் முதலில் கைவிடுகிறார்கள்.

எங்களோடு வரிசையில் நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இதயத் துடிப்பைச் சீராக்கும் மின்அதிர்ச்சி சிகிச்சைக்குப் பின் ஈ.சி.ஜி. சீராகிவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமலே வார்ஃபரினை நிறுத்தினார். அடுத்து நாங்கள் பார்த்தபோது அவருக்கு வலக்கை விளங்கவில்லை, பேச்சும் குழறியது. அச்சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 4 வாரங்கள் அம்மருந்து கட்டாயம். அதன் பின்னும் தொடர வேண்டுமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முந்தைய பக்கவாதம் போன்றவையே முடிவு செய்யும், ஈ.சி.ஜி. அல்ல. இந்நோயுள்ள 4,060 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான அஃபர்ம் ஆய்விலும், பக்கவாதங்களில் பெரும்பாலானவை வார்ஃபரினை நிறுத்தியவர்களுக்கோ ஐ.என்.ஆர். 2க்குக் கீழே, அதாவது மருந்தின் பலன் போதாத அளவில், இருந்தவர்களுக்கோதான் ஏற்பட்டன. துடிப்பு சீராக இருப்பதாக நாம் நினைக்கும் நாட்களிலும் அறிகுறியே இல்லாமல் அது தடுமாறிக்கொண்டிருக்கலாம் என்பதை ஏன் யாரும் முதல் நாளே அழுத்திச் சொல்வதில்லையோ!

ஆஸ்பிரின் போதும் என்று எண்ணுவது

போதாது.

புதிய மாத்திரைக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்துவது

அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற, ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத மருந்துகள் பலருக்கு நல்ல மாற்றே. ஆனால் வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் அவை ஏற்றவை அல்ல; வாத இதய நோயாளிகளிடம் 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் போன்ற பழைய வகை மருந்தே நன்கு காத்தது.

கீரையை அடியோடு ஒதுக்குவது

கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்துகளின் வேலையைக் குறைக்கும் என்றாலும், வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்போர் முருங்கைக்கீரையைத் துறக்க வேண்டியதில்லை; வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும்.

மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்குவது

வேண்டாம். உறைவுத் தடுப்பு மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

ரிவரோக்சபானை வெறும் வயிற்றில் விழுங்குவது

15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடுதான் எடுக்க வேண்டும். இல்லையெனில் உடல் அவற்றை முழுதாக உறிஞ்சாது.