செரெங்கெட்டி சஃபாரி: லாட்ஜ் அப்புறம், முதலில் மாதம்

கென்யாவா டான்சானியாவா, எந்த லாட்ஜ் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த மாதம் லீவு கிடைக்கும் என்பதைத்தான். டான்சானியாவின் செரெங்கெட்டியும் கென்யாவின் மசாய் மாராவும் எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் விரிந்த ஒரே புல்வெளி. அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டுபீஸ்டுகள் (மாடு போலிருக்கும் மான் இனம்), கூடவே வரிக்குதிரைகள், மழை பெய்த இடத்தைத் தேடி வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சிங்கமும் யானையும் எப்போது போனாலும் இருக்கும். ஆனால் அந்தப் பெருங்கூட்டத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு செலவு என்றால், மாதம் தப்பினால் எல்லாம் தப்பியது.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கூட்டம் தெற்கே, நுடுட்டு பக்கம் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் குட்டைப்புல்லில் தாய்க்குத் தேவையான தாதுச்சத்து இருப்பதால் குட்டி போடுவது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் பிப்ரவரியில், சில வாரங்களுக்குள். பிறந்த குட்டி சில நிமிடங்களில் தள்ளாடி எழுந்து தாயோடு ஓட ஆரம்பிக்கும். ஓட முடியாத குட்டிக்காகக் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் காத்திருக்கும். ஆறு கடக்கும் காட்சிக்குத்தான் விளம்பரம் அதிகம், ஆனால் என்னைக் கேட்டால் பிப்ரவரிக்குத்தான் என் ஓட்டு. ஜூனை ஒட்டி மேற்கே குருமேட்டி ஆற்றுப் பக்கம், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆறு, நவம்பரில் மறுபடி தெற்கு நோக்கி நடை.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பள்ளிக்கூடம் லீவு விடும் ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம்: பாதையெல்லாம் சேறு, சில முகாம்களை மூடியே விடுவார்கள், விலை மட்டும் குறைவாக இருக்கும். குழந்தைகளோடு போவதென்றால் காலாண்டு விடுமுறையைப் பாருங்கள், செப்டம்பர் கடைசியில் கூட்டம் வடக்கே மாரா ஆற்றங்கரையில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரையாண்டு விடுமுறையும் பரவாயில்லை, ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விலை கையைக் கடிக்கும்.

ஆறு கடப்பதற்கு டைம்டேபிள் கிடையாது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து குவியும், முன்னால் நிற்பது ஒரு காலைத் தண்ணீரில் வைக்கும், முதலை தெரிந்ததோ என்னவோ, சட்டென்று பின்வாங்கும், மொத்தக் கூட்டமும் புழுதி பறக்கத் திரும்பி ஓடும். மத்தியானம் வரை இப்படியே போய்விட்டுக் கடக்காமலே மேயப் போய்விடுவதும் உண்டு. அதனால் ஆற்றுக்குப் பக்கத்தில், டான்சானியா பக்கம் என்றால் கோகாடெண்டேயில், குறைந்தது மூன்று இரவு போடுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து பூங்கா காட்டுகிறேன் என்று வரும் திட்டத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது தார் ரோட்டைத்தான். டான்சானியாவில் சஃபாரிகள் கிளம்பும் ஊரான அருஷாவிலிருந்து நடு செரெங்கெட்டிக்கே ஏறக்குறைய ஒரு முழுப் பகல் வண்டியில் போய்விடும். வழியில் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் ஒரு பகல், காண்டாமிருகம் பார்க்க, அது போதும். (அங்கே மதியச் சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள், வெளியே உட்கார்ந்தால் பருந்து கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும்.) செரெங்கெட்டியிலிருந்து நேராக மாராவுக்கு வண்டியிலேயே போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தாலும் அந்த வழியாகப் பயணிகளுக்கு எல்லை திறந்திருக்காது, மேற்கே இசிபேனியா எல்லைச் சாவடி வரை சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் சின்ன விமானம்.

சரி, காசை எதில் போடுவது? வண்டியில். லாட்ஜில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, உங்கள் குடும்பத்துக்கென்று தனி லேண்ட் குரூசரும் ஓட்டுநரும் கேளுங்கள். பகிர்ந்த வண்டியில் ஒருவருக்குப் பறவை வேண்டும், இன்னொருவருக்குத் தூக்கம் வேண்டும், உங்களுக்குச் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். நடக்குமா? கென்யாவில் இன்னொரு வழியும் இருக்கிறது: மாரா காப்பகத்தை ஒட்டி மசாய் மக்களின் நிலத்தில் நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற தனிக் காப்புப் பகுதிகள். அங்கே ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, இரவில் போகலாம், நடந்தும் போகலாம். காப்பகத்துக்குள் இரவுப் பயணமும் நடைப்பயணமும் பொதுவாகக் கிடையாது.

ஏற்பாட்டாளருக்கு எழுதும்போது "நல்ல பேக்கேஜ் அனுப்புங்கள்" என்று எழுதினால் எல்லாருக்கும் அனுப்புவதைத்தான் உங்களுக்கும் அனுப்புவார்கள். தேதி, ஆள் எண்ணிக்கை, குழந்தைகளின் வயது, எதைப் பார்த்தே ஆக வேண்டும், எதை விட்டுவிடலாம், சைவமா, மொத்தம் எவ்வளவு செலவழிக்க முடியும், இவ்வளவையும் முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். வரும் விலையில் பூங்காக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அது சில்லறைத் தொகை இல்லை: மசாய் மாராவில் 2024-லிருந்து வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். ங்கோரோங்கோரோவில் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கென்று தனிக் கட்டணம் வேறு. முகாமின் பெயரோடு அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். "செரெங்கெட்டியில் தங்கல்" என்று மட்டும் போட்டிருந்தால் அது கூட்டத்திலிருந்து பல மணி நேரத் தூரத்தில்கூட இருக்கலாம்.

பை விஷயம்: சின்ன விமானங்களில் கேமராவையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் துணிப்பை, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். கருப்பு, கருநீலச் சட்டைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், செட்சி ஈக்கு அந்த நிறங்கள் என்றால் உயிர், கடித்தால் துணியைத் தாண்டி வலிக்கும். பிளாஸ்டிக் கவர்களை இரண்டு நாடுகளுமே தடை செய்திருக்கின்றன. காலை ஜீப்பில் நல்ல குளிர் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும்.

கென்யாவில் கால் வைப்பதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் டிக்கெட் எடுத்த கையோடு போய்விடுவது நல்லது. அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடே வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால், கிளம்பி 6 நாள் ஆகும்வரை இங்கே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.