பழைய கம்பெனி, புதுக் கம்பி: செட்டிநாட்டு வீட்டுக்கு இணையம் எடுக்கும் முன்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியபோது, போன் கம்பி வழி வரும் டயல்-அப் கணக்கு 250 மணி நேரத்துக்கு ₹5,000. மணிக்கு ₹20, போன் பில் தனி. பிஎஸ்என்எல் 2005இல் பிராட்பேண்டைக் கொண்டுவந்த பிறகு மாத வாடகை பழக்கமானது. மழை வந்தால் இரைச்சல் போடும் பழைய செம்புப் போன் கம்பியால் வந்த கெட்ட பெயரை இன்றைய பைபர் (கண்ணாடி இழைக் கம்பி) தலையிலும் கட்டுகிறோம். பைபருக்குள் ஓடுவது ஒளி. ஈரம் பட்டு இரையாது. பல இடங்களில் அதை இழுத்துப் பராமரிப்பவரும் கம்பெனியோடு கூட்டு வைத்த உள்ளூர் கேபிள்காரர்தான்.

அதனால் காரைக்குடியோ கானாடுகாத்தானோ, கம்பெனி பெயரை விட்டுவிட்டு உங்கள் தெருவுக்குக் கம்பி இழுத்தவரை விசாரியுங்கள். கம்பி அறுந்தால் எத்தனை நாளில் வருகிறார் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் போதும்.

விலையில் விளம்பரத் தொகையை நம்பாதீர்கள். ₹499 என்றால் 18% ஜிஎஸ்டியோடு ₹588.82. மோடத்துக்கும் இணைப்புக்கும் தனிப் பணமா, டேட்டா அளவு தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேளுங்கள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கும் வீடு என்றால், மலிவு என்று வருடச் சந்தா கட்டுவது வீண்.

கம்பி வந்ததும் மோடத்துக்கு வரும் ஒளியின் பலத்தைக் காட்டச் சொல்லுங்கள்; அதன் அலகு டிபிஎம். மைனஸ் 25 டிபிஎம்முக்கு மேல் (மைனஸ் 20 போல) இருந்தால் நல்லது. மைனஸ் 27க்குக் கீழே இறங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். ஜாயின்ட்டையோ மடிந்த இடத்தையோ சரிசெய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டுப் பயனில்லை.

நம் வீடுகளில் தகராறு சுவரோடுதான். முகப்பில் வைத்த ரவுட்டரின் வைஃபை வளவை (நடுமுற்றப் பகுதி) தாண்டிப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டுக்குப் போகாது. ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளை ஓரமாக உள்ளே இழுத்து (100 மீட்டர் வரை தாங்கும்) அங்கே இன்னொரு ரவுட்டர் வையுங்கள். தேக்கு வாசல் நிலையில் துளை போட விடாதீர்கள், ஜன்னல் கம்பி இடுக்கு இருக்கிறது. பழைய தரைவழி போன் மின்வெட்டிலும் பேசியது, பைபர் போன் பேசாது. மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வேண்டும்.