வேலியோரப் பூவில வாசல் வளைவு

கலியாண வீட்டு வாசலுக்கு பூக்கடையில காசைக் கொட்டாதேங்கோ, ஒழுங்கையால ஒருக்கா நடந்தா எருக்கலை, ஆவரசு, உண்ணி, கடதாசிப்பூ எல்லாம் சும்மா நிக்குது. கடைசி ரெண்டும் தென்னமெரிக்கப் பக்கத்தால வந்ததுகள், மற்றது எங்கட மண். அடுத்தவேன்ர வேலியெண்டா கேட்டுட்டு வெட்டுங்கோ.

விடிய வெயில் ஏற முதல் தண்டைச் சரிச்சு வெட்டி நேரா வாளித் தண்ணிக்க. கடதாசிப்பூதான் கரைச்சல், கலரா இருக்கிறது இலை, உள்ளுக்க கிடக்கிற சின்ன வெள்ளைதான் பூ, கெதியா வாடிப்போம், அதால கொத்து முழுசையும் ரெண்டு மணித்தியாலம் தண்ணிக்க அமத்தி வைச்சு எடுங்கோ. எருக்கலம்பூ மெழுகு மாதிரி, தண்ணியே இல்லாம நாள் முழுக்க நிக்கும், ஆனா பால் கண்ணில படக்கூடாது (நான் பட்டு அழுதனான்).

மூங்கில் வளைவில கோழிக்கூட்டு வலையைச் சுருட்டிக் கட்டினா காணும். முதல் வேப்பங்குழை, குருத்தோலையால வலையை மறையுங்கோ, கிடுகு வேயுற மாதிரி கீழயிருந்து மேல, அப்பதான் ஒரு குழையின்ர காம்பை அடுத்தது மூடும். பிறகு பூ.

கார்த்திகைப்பூ வடிவுதான், ஆனா செடி முழுக்க நஞ்சு, பிள்ளையள் ஓடித்திரியிற இடத்தில வேண்டாம். பார்த்தீனியத்தின்ர வெள்ளைப் பூவைப் பாத்தும் ஏமாறாதேங்கோ, தோல் சொறியும்.

எல்லாம் முடிய உண்ணிக்காயளைப் பொறுக்கி எரியுங்கோ, இல்லாட்டி அடுத்த மாரிக்கு வளவு முழுக்க அதுதான்.