கையடக்க ரேடியோவும் ஏழு மீட்டர் ஒயரும்

சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ வாங்கி, வீட்டுக்குள் கட்டிலில் படுத்தபடியே ஏரியலை நீட்டித் திருகிப் பார்த்துவிட்டு, வெறும் இரைச்சல்தான் வருகிறது என்று அலமாரியில் தூக்கிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். ரேடியோ மேல் குற்றமில்லை. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து போடுகிற கூச்சலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருகிற அலை எங்கே கேட்கும்? முதலில் ரேடியோவோடு தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்குப் போங்கள், சார்ஜரில் போடாமல் பேட்டரிக்கட்டையில் ஓட்டுங்கள். இரைச்சல் போகவில்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தால் குற்றவாளி உங்கள் வீடா பக்கத்து வீடா என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது வாசல் பல்பு. அம்மாவிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

அப்புறம்தான் ஆன்டெனா. கடையில் விற்கிற சுருள் ஆன்டெனா தேவையே இல்லை. மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சம் கிடக்கும் செம்புக் கம்பி ஏழு மீட்டர் கேளுங்கள். வார்னிஷ் பூசியிருக்கும், அதனால் ஒரு முனையில் இரண்டு அங்குலத்துக்கு பிளேடால் சுரண்டி, செம்பு பளபளவென்று தெரிந்த பிறகே ஏரியல் நுனியில் சுற்றுங்கள். சுரண்டாமல் சுற்றிவிட்டு கம்பியைத் திட்டுகிறவர்கள் உண்டு. மறுமுனையை நைலான் கயிற்றில் முடிந்து தென்னையிலோ துணிக்கொடிக் கம்பத்திலோ கட்டலாம், கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

ஏன் ஏழு? 10 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 மீட்டர், அதில் கால்பாகம் ஏழரை. நீளம் கூடக் கூட நன்றாகக் கேட்கும் என்று நானும் நினைத்து இருபது மீட்டர் கட்டினேன். தூத்துக்குடி வானொலியின் 200 கிலோவாட் மத்திய அலை (மீடியம்வேவ்) பக்கத்திலேயே இருக்கிறதா, சிற்றலையில் எங்கே திருப்பினாலும் அதே குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. சின்ன ரேடியோ அவ்வளவு பலத்தைத் தாங்காது. லோக்கல் (பக்கத்து நிலையம்), டிஎக்ஸ் (தூரத்து நிலையம்) என்று சுவிட்ச் இருந்தால் லோக்கலில் வையுங்கள், இல்லையென்றால் கம்பியை வெட்டுங்கள்.

மத்திய அலைக்கு இந்தக் கம்பி வேண்டாம், அதற்கான ஆன்டெனாவாக உள்ளேயே ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான குச்சி இருக்கிறது. ரேடியோவையே மெதுவாகத் திருப்பி, எந்தப் பக்கம் கணீரென்று கேட்கிறதோ அப்படியே வைத்துவிட வேண்டியதுதான்.

சிற்றலையில் பொழுது சாய்ந்த பிறகு 49, 41, 31 மீட்டர் அலைவரிசைகளில் தேடுங்கள். பகலில் 19, 16 மீட்டர். பகலில் 49-ஐத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை, வெயில் நேரத்தில் வானில் உயரே இருக்கும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் இடி கேட்கும்வரை காத்திருக்காமல் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

தமிழ் ஒலிபரப்புக்காக மட்டும் சிற்றலை ரேடியோ வாங்குவதென்றால் யோசித்துக்கொள்ளுங்கள், பிபிசி தமிழோசையே 2017-ல் நின்றுவிட்டது. ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கரண்டும் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. அன்றைக்குத்தான் என் ரேடியோவைத் தேடி எடுத்தேன். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்த கட்டை கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றிருந்தது. கேட்காத நாளில் கட்டையைக் கழற்றி, ரேடியோ பக்கத்திலேயே தனிக் கவரில் போட்டு வையுங்கள்.