கேஸ் சிலிண்டர் விபத்தில் பலத்த தீக்காயமா? இழப்பீடு கேட்பது எப்படி, படிப்படியாக

வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்தால் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், இன்னொருவர் காகிதங்களுக்காக அலைய வேண்டும். இந்தப் பதிவு அந்த இரண்டாவது ஆளுக்கு. என் சித்திக்கு முகத்திலும் இரண்டு கைகளிலும் காயம் பட்டபோது அந்த அலைச்சலை நான்தான் பார்த்தேன், கடைசியில் பணமும் வந்தது. முதலுதவி, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு போன் செய்வதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதைத் தாண்டி ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. மூன்றையும் விற்கும் எண்ணெய் நிறுவனங்கள் கேஸ் விபத்துக்கென்று காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் தனியாக பிரீமியம் கட்டத் தேவையில்லை. உயிரிழப்பு என்றால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. இணைப்பு பதிவான வீட்டில் பொருள் சேதம் என்றால் 2 லட்சம் வரை. இது ஒரு வழி. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவது வேறு வழி. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1. எதையும் தூக்கிப் போடாதீர்கள்

வீட்டைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் கருகிய டியூபையும் ரெகுலேட்டரையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். அவைதான் சாட்சி. போலீஸோ ஏஜென்சியோ எடுத்துப் போவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். டியூபின் மேல் அச்சடித்திருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரிப்பு தேதி, சிலிண்டர் வாயில் இருக்கும் ரப்பர் வாஷர், சிலிண்டர் நம்பர் எல்லாம் தெளிவாக விழ வேண்டும். சிலிண்டர் கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் ‘பி-27’ மாதிரி ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி டி வரை. எண் ஆண்டைக் குறிக்கும். அந்த சிலிண்டரை அடுத்து சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. கெடு தாண்டிய சிலிண்டரை உங்கள் வீட்டில் இறக்கியிருந்தால் அந்த ஒரு போட்டோவே பெரிய பலம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பி வையுங்கள்.

2. ஏ.ஆர். காப்பி, போலீஸ் புகார்

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. அதில் ‘அடுப்பில் தீ’ என்று மட்டும் இருந்தால் பின்னால் சிக்கல். ‘சிலிண்டரிலிருந்து கேஸ் கசிந்து தீப்பற்றியது’ என்று நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், அதனால் கூட இருப்பவர் பதற்றத்திலும் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஸ்டேஷனில் புகார். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் அனுப்பப் பார்த்தால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், நகல் இலவசம். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு, சென்னை மாதிரி மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அவர்கள் அறிக்கையையும் வாங்கி வையுங்கள்.

3. ஏஜென்சிக்குக் கடிதம் (இங்கேதான் நாங்கள் மாட்டினோம்)

காப்பீட்டு கம்பெனிக்கு நாம் நேராக விண்ணப்பிக்க முடியாது. நாம் ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும், ஏஜென்சி எண்ணெய் நிறுவனத்துக்கு, அவர்கள் காப்பீட்டு கம்பெனிக்கு. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே எங்களுக்கு அறுந்துபோனது. ஏஜென்சிக்குப் போனால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, விசாரித்து, ‘மேலே சொல்லிட்டோம், ஆள் வருவாங்க’ என்றார்கள். யாரும் வரவில்லை. பல வாரம் கழித்து எண்ணெய் நிறுவனத்தின் ஏரியா அலுவலகத்தில் கேட்டால், அப்படி ஒரு விபத்து அவர்கள் பதிவிலேயே இல்லை.

வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. கடிதம் சின்னதாக இருந்தால் போதும்:

‘என் இணைப்பு எண் இது. இன்ன தேதி, இன்ன நேரத்தில், இந்த முகவரியில் சிலிண்டரில் கசிவு ஏற்பட்டு விபத்து நடந்தது. இன்னாருக்குத் தீக்காயம், இன்ன மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கிறார். விபத்தை நேரில் ஆய்வு செய்து, காப்பீட்டு இழப்பீட்டுக்கு உடனே பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் ஏஜென்சிக்கு ஒன்று, ஏரியா மேனேஜருக்கு ஒன்று அனுப்புங்கள், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியும் வேண்டும் என்று தபால் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. எங்கள் வேலை நகர்ந்தது இந்தக் கடிதத்துக்கு அப்புறம்தான்.

பதிலே இல்லையா? மூன்றும் பொதுத்துறை நிறுவனங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஆய்வறிக்கை நகலும் கோரிக்கையின் நிலையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

4. பில்கள்

அசல் பில்லை யார் கேட்டாலும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். தீக்காயத்தில் செலவு டிஸ்சார்ஜோடு முடியாது. தழும்பு தடித்துவிடாமல் இருக்க பிரஷர் கார்மெண்ட் என்னும் இறுக்கமான உடை, பிசியோதெரபி, விரல்கள் மடங்கி இறுகிவிட்டால் மறுபடியும் ஆபரேஷன் என்று நீண்டுகொண்டே போகும். சித்தியால் டம்ளரைப் பிடிக்கவே மாதக்கணக்கானது. அதனால் இனி ஆகக்கூடிய சிகிச்சைக்கும் செலவுக்கும் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள், வழக்கில் கேட்க அதுதான் ஆதாரம். காயம் ஆறியும் உறுப்பு சரியாக இயங்கவில்லை என்றால் ஊனச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை முதல் நாளே கேளுங்கள்.

5. நுகர்வோர் ஆணையம்

2 லட்சம் பலத்த தீக்காயத்துக்கு எந்த மூலைக்கு? சிலிண்டரிலோ ஏஜென்சியின் சேவையிலோ குறை இருந்தால் மிச்சத்தை இங்கே கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்சியையும் எண்ணெய் நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாகப் போடுங்கள். வழக்குக் கட்டணத்துக்கு ஆணையம் பார்ப்பது நீங்கள் கொடுத்த விலையை, கேட்கும் இழப்பீட்டை அல்ல. சிலிண்டர் விலைதானே, கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்த சிலிண்டரைக் கசிவு பார்த்துக் கொடுத்தார்களா, வீட்டு கேஸ் இணைப்புக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய கட்டாயச் சோதனையைச் செய்தார்களா, இந்த இரண்டையும் மனுவில் கண்டிப்பாக எழுதுங்கள்.

வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், ஆனால் பலத்த காயம் என்றால் வக்கீல் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பேன். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழையுங்கள்.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் வந்த கேள்விகளுக்காக. வாடகை வீடு மாறியும் கேஸ் புக்கில் பழைய முகவரி இருந்தால் பொருள் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம், இன்றைக்கே மாற்றுங்கள். டீக்கடையில் வேலை பார்க்கும்போது காயம்பட்டவர்கள் முதலாளியிடம் தொழிலாளர் இழப்பீடு கேட்கலாம், ஈ.எஸ்.ஐ. இருந்தால் அங்கே. கடையில் எரிந்தது வீட்டு சிலிண்டர் என்றால் கேஸ் காப்பீட்டில் இடிக்கும், ஆனாலும் முதலாளியின் பொறுப்பு போகாது.

இன்னொருவர், காசோலையோடு ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். தொகை போதாது என்றால் அதை அப்படியே போடாதீர்கள், ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.