தோட்டத்து ரோட்டில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலைநாட்டில், பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல வரை போகும் ஏ16 ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது நிம்மதியான வேலை இல்லை. வளைவுக்கு வளைவு பஸ் முந்தும், பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கும், ஒதுங்கலாம் என்றால் ஒரு பக்கம் கான் (வடிகால்), மறுபக்கம் பள்ளம். ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஏ7 ரோடும் இப்படித்தான். அதனால் வாகன நெரிசல் இல்லாத ரோடு தேடுகிறவர்கள் கடைசியில் தேயிலைத் தோட்டத்து ரோட்டுக்கு வந்து சேருகிறார்கள். நல்ல முடிவு. மலைநாட்டில் எந்தச் சின்ன டவுனிலிருந்தும் கொஞ்ச தூரம் போனால் தேயிலை மலைக்குள் ஒரு ரோடு பிரியும், அதில் அரை மணித்தியாலம் ஓட்டினால் எதிரே வருவது ஒரு டிராக்டரும் இரண்டு ஓட்டோவுமாகத்தான் இருக்கும்.

ஆனால் வருகிறவர்களில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது: வாகனம் இல்லை என்றால் ஆளும் இல்லை என்று. இதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. அந்த ரோடு ஆயிரக்கணக்கான பேருக்கு வேலைத்தளம், வீட்டு வாசல், பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பிட்ச். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலுக்கும் ரோட்டுக்கும் இடையில் பல இடங்களில் ஒரு கான் மட்டும்தான். உடுப்பு காயப் போட்டிருக்கும், ஆச்சி வாசற்படியில் இருப்பார், சின்னப் பிள்ளை பந்துக்குப் பின்னால் ஓடி வரும். அந்த இடத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவது என்ன நியாயம்? லயம் கண்ணில் பட்டவுடன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

வேலை நேரத்தில் இன்னொரு விஷயம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நேரம் ஆனால் பெண்கள் மலையிலிருந்து பாரத்தோடு இறங்கி ரோட்டோரம் வரிசையாக மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) நடப்பார்கள். முதுகில் கொழுந்துப் பை, பட்டி நெற்றியில், பார்வை காலடியில். சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. சைக்கிளோ சத்தமே இல்லாமல் வரும். கிட்ட வந்து பெல் அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் விலகுவார்கள் என்று சொல்ல முடியாது, அதனால் தூரத்திலேயே அடியுங்கள், இல்லாவிட்டால் "அக்கா, வலது பக்கமா வாறேன்" என்று குரல் கொடுங்கள், அதுவே போதும். மடுவத்துக்கு முன்னால் கொங்கிரீட்டில் சிந்திக் கிடக்கும் பச்சைக் கொழுந்தில் டயர் ஏறினால் வழுக்கும், குறிப்பாகப் பனி ஈரத்தோடு. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த மலைப் பக்கம் போனால் ரோட்டில் விழுந்து கிடக்கும் மிலாறை (வெட்டிய தேயிலைக் குச்சியை) பாருங்கள். காய்ந்த மிலாறுக் குச்சி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் ஊசி மாதிரி டயரில் இறங்கும், ஸ்போக்குக்குள் சிக்கினால் அதைவிட மோசம்.

அனுமதி கேட்காமல் உள்ளே போவதும் பரவலாக நடக்கிறது. தோட்டத்து உள் ரோடுகளில் பல பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருப்பவை. பஸ் ஓடும் ரோட்டில் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட் போட்ட ரோடு என்றால் வோச்சரிடம் நின்று பேசுங்கள். "அண்ணே, இந்தப் பக்கமா போய் அடுத்த டிவிசனுக்கு (தோட்டத்தின் அடுத்த பிரிவுக்கு) இறங்கலாமா?" என்று கேட்டால் போகலாமா என்பதோடு எங்கே மண் சரிந்திருக்கிறது, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த மலையில் இன்றைக்கு மருந்தடிக்கிறார்கள் என்பதும் சேர்த்து வரும். எந்த மெப்பிலும் இது கிடைக்காது. அப்புறம், வேலை செய்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அடுத்தது தூரக் கணக்கு. "பதினேழு கிலோமீட்டர்தானே" என்று கிளம்புவார்கள். அப்புத்தளை டவுனிலிருந்து தம்பேத்தன்ன தேயிலை பெக்டரிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர், அங்கிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை இன்னும் 7. டவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீட்டர், லிப்டன் சீட் சுமார் 1,970. முதல் 10 கிலோமீட்டரை ஓரளவு சுகமாக ஓட்டலாம், ஏற்றத்தின் பெரும்பாரம் கடைசி 7 கிலோமீட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறது. மலைநாட்டில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ஏற வேண்டிய மீட்டரைப் பாருங்கள். பத்து கிலோமீட்டரில் 500 மீட்டர் ஏறினால் சராசரி 5 சதவீதம், ஆனால் அந்தச் சராசரிக்குள் 12 சதவீதத் துண்டுகள் ஒளிந்திருக்கும். முன்னால் பெரிய பல்சக்கரம் மட்டும் உள்ள ரேஸ் சைக்கிளும் 25 மில்லிமீட்டர் டயரும் இங்கே சரிவராது. 35க்குக் கிட்டிய டயரும், முன்னும் பின்னும் சம பல் வருகிற ஒரு கியரும் இருந்தால் முழங்கால் பிழைக்கும். போன் மெப் காட்டும் குறுக்கு வழியையும் நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் லயத்துக்கு இறங்கும் படிக்கட்டாகவோ தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையாகவோ இருக்கும்.

லிப்டன் சீட்டைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் "அதிகாலையில் போ, ரோடு வெறுமையாக இருக்கும்" என்பார்கள். மற்ற ரோடுகளுக்கு அது சரி, இதற்குச் சரியில்லை. மேகம் மூடுவதற்கு முன் காட்சி பார்க்க வேண்டும் என்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டோக்கள் விடியற்காலையிலேயே அந்தக் குறுகிய ரோட்டில் வரிசை கட்டும். காட்சி வேண்டுமா, அமைதி வேண்டுமா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். நோர்வூட், மஸ்கெலியா, காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமும் இப்படித்தான், மாதத்தைப் பார்க்க வேண்டும். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் பஸ்களும் வேன்களும் இரவு பகலாக ஓடும், அதுவும் வார இறுதியில் சொல்லவே வேண்டாம். அதே ரோடு சீசன் முடிந்தபின் வேறு ரோடு.

ஆனால் ஆளை விழுத்துவது ஏற்றம் இல்லை, இறக்கம். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே பத்து நிமிடம் இறங்குகிறார்கள். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், டிஸ்க் என்றால் சூட்டில் பிடிமானம் குறையும். நேரான துண்டில், வளைவுக்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள், இடையில் நின்று கைக்கும் பிரேக்குக்கும் ஓய்வு கொடுங்கள். ஈரத்தில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது, சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். நிழல் விழும் வளைவுகளில் கொங்கிரீட்டின் ஓரம் கறுப்பும் பச்சையுமாகத் தெரிந்தால் அது பாசி, அதில் பிரேக்கும் பிடிக்காதீர்கள், ஹேண்டிலையும் திருப்பாதீர்கள். கொங்கிரீட் எங்கே முடிகிறது என்பதையும் கவனியுங்கள். செங்குத்தான துண்டுக்கு மட்டும் கொங்கிரீட் போட்டு மிச்சத்தைக் கல் ரோடாக விட்டிருப்பார்கள், முடிகிற இடத்தில் நாலு விரல் உயரத்துக்குப் படி விழுந்திருக்கும், வேகமாக வந்தால் முன்சக்கரம் அதில் குத்தி நிற்கும். அப்புறம் தோட்டத்து பஸ். வளைவுக்கு முன் ஹோர்ன் கேட்டால் இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பஸ் ஏறி வருகிறதென்றால் வழி அதற்குத்தான்.

காலநிலையில் பலர் செய்யும் பிழை, மலைநாடு முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று நினைப்பது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும்போது அப்புத்தளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், ஆனால் காற்று அடிக்கும். அப்புத்தளை மலைமுகட்டு வெட்டுகளில் அந்தக் காற்று பக்கவாட்டில் வந்து சைக்கிளைத் தள்ளும். ஒக்டோபர், நவம்பரில் ஊவாவில் நிலைமை தலைகீழ், பிற்பகல் இடிமழை, நாள்கணக்கில் ஊறிய மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இந்த ஊவா மலைச்சரிவில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அது மிகக் கீழ் மட்டமான மஞ்சளாக இருந்தாலும், அன்றைக்குத் தோட்டத்து ரோட்டுப் பக்கம் போகாதீர்கள். நல்ல நாளிலும் மத்தியானத்துக்குப் பின் மூடுபனி இறங்கும், பத்து அடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. முன்னும் பின்னும் லைட் இல்லாமல் போகவே கூடாது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாய் துரத்தினால் மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள், இறங்கி சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நாய்த் தடுப்பூசி அங்கே இலவசம். குளவிக் கூடு கலைந்திருக்கிறது என்று தொழிலாளர்கள் சொன்னால் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பி விடுங்கள், குளவி கொட்டி உயிர் போன கதை தோட்டங்களில் ஒன்றிரண்டு இல்லை. குறுக்கு வழி என்று ரயில் பாதையில் சைக்கிளை உருட்டிப் போகாதீர்கள், சுரங்கத்துக்குள் ஒதுங்க இடம் இருக்காது. மேல் டிவிசன்களில் கடை இல்லாத இடம் உண்டு, சிக்னலும் வந்து வந்து போகும். மாற்று டியூபும் பம்பும் சாப்பிட ஏதாவதும் டவுனிலிருந்தே எடுத்துப் போங்கள், எந்த வழியாகப் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்புலன்ஸ் தேவைப்பட்டால் 1990. அழைக்கும்போது ரோட்டுப் பெயர் கேட்பார்கள், தோட்டத்துக்குள் அது இருக்காது. தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பெக்டரி, இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.